தாராவியின் முதற்குடிகள்: தவறான நம்பிக்கைகளும் உண்மைகளும்

1966-இல் சிவசேனை எழுந்தபோது, ‘மண்ணின் மைந்தர்’ முழக்கம் மும்பைத் தமிழர்களுக்கு எதிராகவே ஒலித்தது. அந்தக் காயத்தால், பூர்வகுடி என்ற பேச்சு எழுந்தாலே நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். அதனால் மும்பைத் தாராவியின் ஆதி மீனவரான கோலி மக்களைப் பற்றியும் நம்மைப் பற்றியும் பிழையான எண்ணங்கள் திருத்தப்படாமலே நிற்கின்றன.

நம்பிக்கை: ஆளில்லாச் சதுப்பு நிலத்தை நாம்தான் தாராவி ஆக்கினோம்.

உண்மை: சதுப்பை மேடாக்கியதில், தோல் பதனிட வந்த திருநெல்வேலிச் சீமைக்காரர்களின் உழைப்பு பெரிது. ஆனால் அவர்களுக்கு முன்பே அங்கே மீனவர் ஊர் இருந்தது. பம்பாயின் பெரிய கோலிவாடாக்கள் (கோலி மீனவர் ஊர்கள்) ஆறில் ஒன்று தாராவி என்கிறது 1909-ஆம் ஆண்டு கெஜட்டியர். மாஹிம் கழி தூர்ந்து, சாக்கடை கலந்து மீன்பிடித் தொழில்தான் அழிந்தது. கோலிவாடா இன்றும் இருக்கிறது.

நம்பிக்கை: டிசோசா, பெரேரா என்று பெயர் வைத்திருக்கும் மும்பையின் ‘ஈஸ்ட் இந்தியன்’ கிறிஸ்தவர்கள் போர்த்துக்கீசியர் வழிவந்த கலப்பினத்தார்.

உண்மை: அவர்களில் பெரும்பாலோர் போர்த்துக்கீசியர் ஆட்சியில் மதம் மாறிய கோலி, குன்பி, பண்டாரி முதலிய உள்ளூர்ச் சமூகத்தினரின் வழித்தோன்றல்கள். ஞானஸ்நானத்தோடு வந்த பெயர்கள் அவை. தூத்துக்குடிப் பரதவரிடையே பெர்னாண்டோ என்ற பெயர் வந்த வழியும் அதுவே.

நம்பிக்கை: கலப்பு மற்றவர்களுக்கே; தமிழர் கலப்பற்ற இனம்.

உண்மை: 2009-இல் ஐதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு மையத்தின் குமாரசாமி தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோர் ஹார்வர்டின் டேவிட் ரைக்குடன் சேர்ந்து வெளியிட்ட மரபணு ஆய்வு, பெரும்பாலான இந்தியச் சமூகங்கள் இரு தொன்மக்கள் திரளின் கலப்பில் வந்தவை என்றது. அக்கலப்பு ஏறக்குறைய 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்று 2013-இல் வெளியான ஆய்வு கணித்தது. அகமணக் கட்டுப்பாடு அதன் பிறகே இறுகியது.

நம்பிக்கை: எல்லோரும் கலந்தவர்கள் என்றால், பூர்வகுடி உரிமைக்கு இடமில்லை.

உண்மை: மெக்சிகோவில் நடந்தது நமக்குப் பாடம். 1910-இல் தொடங்கிய புரட்சிக்குப் பின் அந்நாட்டு அரசு ‘நாம் அனைவரும் மெஸ்டிசோக்கள், கலப்பினத்தார்’ என்ற கொள்கையை வளர்த்தது. பள்ளிகள் ஸ்பானிய மொழியையே புகட்டின. பூர்வகுடி மொழிகள் ஒடுங்கின. 2003-இல்தான் அம்மொழிகளைத் தேசிய மொழிகளாகச் சட்டம் ஏற்றது. பூர்வகுடி உரிமைக்கு ரத்தத் தூய்மை அளவுகோல் அல்ல. தலைமுறை தலைமுறையாக ஓரிடத்தில் ஊன்றிய வாழ்வும் தொழிலும் பொதுநிலமும்தான் அதற்கு அடிப்படை.

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் தங்கள் ஊரைத் தனியாக எல்லை வகுத்துக் காக்கும்படி கோலிகள் கேட்கிறார்கள். அது நம்மை வெளியேற்றும் கோரிக்கை அல்ல. சொந்த உழைப்பால் அங்கே வேரூன்றிய தமிழர்கள், வீட்டுரிமைக்குக் குரல் கொடுக்கும்போது கோலிவாடாவுக்காகவும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.