ஆப்டிக்ஸ்: பாஸ் பண்ணிவிட்டு மறந்துவிடும் பாடமா?

"ஆப்டிக்ஸை எப்படியாவது பாஸ் பண்ணிடு, கிளினிக் போயிட்டா அதைத் தொடவே வேண்டாம்." பி.ஆப்டம் முதலாண்டு மாணவர்களுக்குச் சீனியர்கள் சொல்லும் இந்த அறிவுரை, நல்ல மாணவர்களையும் கெடுத்துவிடுகிறது. இதோடு சேர்ந்து வரும் சில நம்பிக்கைகளையும் பார்ப்போம்.

நம்பிக்கை: ஒளியைக் குவிப்பது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ்தான்.

பெரும்பங்கு கருவிழியுடையது. கண்ணின் மொத்தத் திறன் ஏறத்தாழ 60 டயாப்டர் என்றால், அதில் சுமார் 43 கருவிழி தருவது. காற்றின் ஒளிவிலகல் எண் 1, கருவிழியின் எண் 1.376. இவ்வளவு வித்தியாசம் இருப்பதால்தான் ஒளி அங்கே அதிகம் வளைகிறது. தண்ணீரின் எண் 1.333; கருவிழியோடு வித்தியாசம் மிகக் குறைவு. குளத்தில் முங்கிக் கண் திறந்தால் எல்லாம் கலங்கலாகத் தெரிய இதுவே காரணம். கருவிழியின் திறன் அங்கே ஏறக்குறைய செயலிழந்துவிடுகிறது.

தாமஸ் யங் 1801-இல் வெளியிட்ட ஆய்வில் இந்த உண்மையையே கருவியாக்கிக்கொண்டார். தன் கண்ணைத் தண்ணீரோடு சேர்த்துக் கருவிழியின் பங்கை விலக்கினார். இழந்த திறனை ஒரு லென்ஸால் ஈடுகட்டினார். அப்போதும் தூரத்திலிருந்து கிட்டத்துக்குப் பார்வையை மாற்ற முடிந்தது. ஆக, அந்த மாற்றத்தைச் செய்வது கருவிழி அல்ல என்று தெரிந்தது. அது உள்ளே இருக்கும் லென்ஸின் வேலை.

நம்பிக்கை: பயாலஜி குரூப்பில் படித்தவர்களுக்கு இது வராது.

வரும். குவியத் தூரத்தை மீட்டரில் எழுதி, 1-ஐ அதால் வகுத்தால் டயாப்டர்: அரை மீட்டருக்கு 2. முதலாண்டுக் கணக்கில் பெரும்பகுதி இந்த அளவுதான். மார்க் போவது பிளஸ், மைனஸ் குறிகளில். கதிர்ப்படம் வரையாமல் கணக்கைத் தொடங்குபவர்களே அங்கே மாட்டிக்கொள்கிறார்கள்.

நம்பிக்கை: பவரை மெஷின் சொல்லிவிடும், சூத்திரம் எதற்கு?

மைனஸ் 6 பவர் உள்ள ஒருவரின் பி.டி. (இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரம்) 60 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடியில் லென்ஸ்களின் மையங்கள் 66-இல் அமைந்துவிட்டன. ஒரு கண்ணுக்கு 3 மில்லிமீட்டர், அதாவது 0.3 சென்டிமீட்டர் விலகல். ப்ரெண்டிஸ் விதிப்படி 0.3-ஐ 6-ஆல் பெருக்கினால் 1.8; இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 3.6 பிரிசம் டயாப்டர். பிரிசத்தின் அடிப்பக்கம் மூக்கை நோக்கி இருப்பதால், கண்கள் வெளிப்பக்கம் விலகிப் பார்க்க வேண்டியிருக்கும். அவர் தலைவலியோடு திரும்பி வருவார். பவரை மறுபடி மெஷினில் பார்த்தால் சரியாகவே இருக்கும்! பிழை எங்கே என்று காட்டுவது அந்த ஒரு வரிப் பெருக்கல்தான்.

காண்டாக்ட் லென்ஸிலும் இதே கதை. கண்ணிலிருந்து 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும் மைனஸ் 10 கண்ணாடிக்கு ஈடாகக் கண்மேல் வைக்க வேண்டியது சுமார் மைனஸ் 9.

முதலாண்டு நண்பர்களே, லேபில் டிரயல் லென்ஸ் பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். மைனஸ் லென்ஸ் ஒன்றைக் கண்முன் பிடித்து, எதிரே தெரியும் ஜன்னல் கம்பியைப் பார்த்தபடி பக்கவாட்டில் நகர்த்துங்கள். கம்பியும் அதே திசையில் நகரும். பிளஸ் லென்ஸுக்கு எதிர்த்திசை. ஏன் என்பதைப் படமாக வரைந்து பார்த்துவிட்டு, பிறகு சூத்திரத்துக்கு வாருங்கள்.