உருளைக்கிழங்கின் காட்டு உறவினர்கள்

நம்மில் பலருடைய வீடுகளில் திவசத்தன்று உருளைக்கிழங்கு சமையலறைக்குள் வராது. என் பக்கத்து வீட்டு மராட்டிய அம்மாளோ ஏகாதசி உபவாசத்துக்கு அதைத்தான் வேகவைக்கிறார். தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த இந்தக் கிழங்கு நம் இரு வீட்டாருக்குமே புதியதுதான். 'பட்டாட்டா' என்ற மராட்டிச் சொல்லே போர்த்துக்கீசியர் விட்டுச் சென்றது!

சென்ற மழைக்காலத்தில் நாசிக் சாலையில் மஞ்சர் வரை ஒரு வேலையாகப் போயிருந்தேன். வழித்துணைக்கு வந்த நண்பரின் பேரன், வயலோரம் வைத்திருந்த கோணிகளைப் பார்த்து, "பஞ்சாபிலிருந்து விதை வருதுன்னு சொல்றாங்க, ஆனா உள்ளே கிழங்குதானே இருக்கு தாத்தா?" என்று கேட்டான். பல ஆண்டுகள் பள்ளியில் தாவரவியல் கற்பித்த எனக்கு வாய் சும்மா இருக்குமா? அன்று அவனுக்குச் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

உருளைக்கும் உண்மையான விதை உண்டு. பூ காய்த்தால் சுண்டைக்காயைவிடச் சற்றுப் பெரிதாக, பச்சைத் தக்காளி போல் ஒரு காய் வரும். அதனுள் பொடி விதைகள் இருக்கும். ஆனால் உழவர் அதை விதைப்பதில்லை. கிழங்கையே நடுகிறார். எனவே வயல் முழுவதும் நிற்பவை ஒரே செடியின் நகல்கள். ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கும். அயர்லாந்தில் 1845 முதல் இலைக்கருகல் நோய் பரவிய சில ஆண்டுகளில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் பசியாலும் பிணியாலும் மாண்டனர்.

நோயைத் தாங்கும் குணம் வேறெங்கே இருக்கும் என்று தேடினால் காட்டு உருளைகளிடம் போய்ச் சேர்வோம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்மேற்கிலிருந்து மெக்சிகோ, பெரு, பொலிவியா வழியாக அர்ஜென்டினா, சிலி வரை இவை வளர்கின்றன. கிழங்கு பெரும்பாலும் நெல்லிக்காய் அளவுதான். பலவற்றில் கசப்பும் நஞ்சும் உண்டு. சமைக்க உதவாதவை. ஆனால் சிலவற்றுக்கு உறைபனி பொருட்டில்லை, சிலவற்றைப் பூசணம் தொடாது, சிலவற்றைப் புழு அண்டாது.

1939இல் ஜாக் ஹாக்ஸ் என்ற 23 வயது ஆங்கிலேயர் இரு தோழர்களுடன் ஆண்டிஸ் மலைகளில் பல மாதங்கள் அலைந்து, 1,100க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சேர்த்தார். புறப்படுமுன் லெனின்கிராடு சென்று, பயிர் மூலங்களைத் தேடி உலகைச் சுற்றிய வாவிலோவைச் சந்தித்து ஆலோசனை பெற்றார். (அந்த மாமேதை 1943இல் ஸ்டாலின் சிறையில் இறந்தது தனிக் கதை.) சேகரிப்பவர் கிழங்கையும் காயையும் பையில் போட்டால் மட்டும் போதாது. எந்த ஊர், எவ்வளவு உயரம், பாறையா வயலோரமா, என்ன தேதி என்று எழுதி, ஒரு கிளையைக் காகிதத்தில் அழுத்திப் பாடம் செய்து, எல்லாவற்றுக்கும் ஒரே எண் இடவேண்டும். எண் இல்லாத மாதிரி முகவரி இல்லாத தபாலுக்குச் சமம்.

அடுத்தது இனம் பிரிப்பது. இதில்தான் தலைவலி. நிழலில் வளர்ந்தால் ஓர் இலை, வெயிலில் வளர்ந்தால் வேறோர் இலை. பக்கத்துப் பக்கத்து இனங்கள் தாமாகவே கலந்தும் விடும். தோற்றத்தை நம்ப முடியாதபோது வேர்நுனியை நுண்ணோக்கியில் வைத்துக் குரோமோசோம்களை எண்ணுவார்கள். காட்டு இனங்களில் 24, 36, 48, 60, 72 என்று பன்னிரண்டின் மடங்குகளாக அவை இருக்கும். நாம் உண்ணும் உருளைக்கு 48. எண்ணிக்கை ஒத்துவராவிட்டால் கலப்பினம் உண்டாக்குவது கடினம். 1990இல் ஹாக்ஸ் சுமார் 230 இனங்களைப் பட்டியலிட்டார். மரபணு ஆய்வு வந்தபின், 2014இல் ஸ்பூனர் குழுவினர் காட்டு இனங்களை 107ஆகச் சுருக்கினர். இதுவும் முடிவான கணக்கென்று நான் பந்தயம் கட்டமாட்டேன்.

இந்தத் துறையில்தான் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சியைத் தொடங்கினார். கோதுமைக்காகப் போற்றப்படும் அவர், 1949 முதல் நெதர்லாந்தில் உருளை நூற்புழுவை எதிர்க்கும் குணத்தைக் காட்டு இனங்களிலிருந்து கொண்டுவர முயன்றார். 1952இல் கேம்பிரிட்ஜில் பெற்ற டாக்டர் பட்டமும் உருளை இனங்களைப் பற்றியதே.

அந்த நூற்புழு 1961இல் ஊட்டியில் கண்டுபிடிக்கப்பட்டது. கோத்தகிரிப் பக்கம் உருளை பயிரிட்ட என் தாய்மாமன் அதைக் கண்ணால் கண்டிருக்கிறார். வயலில் அங்கங்கே வட்டம் வட்டமாகச் செடி மஞ்சளித்துக் குறுகும். பிடுங்கினால் வேரில் ஊசித்தலை அளவில் மணிமணியாக ஒட்டியிருக்கும். ஒவ்வொரு மணிக்குள்ளும் நூற்றுக்கணக்கான முட்டைகள். அவை மண்ணில் இருபது ஆண்டுகள்கூடக் காத்திருக்கும். "கோலிக்குண்டு அறுவடை பண்ணினேன்டா" என்று மாமா சிரித்தது நினைவிருக்கிறது. விதைக்கிழங்கை மலையிலிருந்து வெளியே அனுப்பவும் 1971இல் தடை வந்தது.

இங்கேதான் பழைய எண்கள் உதவின. ஹாக்ஸ் பயணத்தில் உருவான பிரிட்டிஷ் சேகரத்தில் 1673 என்ற எண்ணிட்ட ஆண்டிஸ் நாட்டு உருளையில் நூற்புழு எதிர்ப்பு இருப்பதை 1952இல் எல்லன்பி கண்டறிந்தார். சேகரித்த காலத்தில் யாரும் அதைத் தேடவில்லை! ஆனால் அது ஒருவகை நூற்புழுவைத்தான் தடுக்கும், நீலகிரியிலோ இருவகை. வடமேற்கு அர்ஜென்டினாவின் 'வெர்னி' என்ற காட்டு இனம் இரண்டுக்கும் எதிர்ப்புத் தந்தது.

இவற்றையெல்லாம் காப்பது மரபுவள வங்கி. லிமாவிலுள்ள பன்னாட்டு உருளை மையமும், நம் சிம்லா ஆராய்ச்சி நிலையமும் இப்பணியைச் செய்கின்றன. காட்டு இனங்களின் விதையை நன்கு உலர்த்தி, காற்றுப் புகாத உறையில் இட்டு, சுழிக்குக் கீழ் 20 டிகிரி குளிரில் வைப்பார்கள். ஆனால் பூட்டி வைத்து மறந்துவிட முடியாது. அவ்வப்போது முளைக்கிறதா என்று சோதித்து, முளைப்பு குறைந்தால் பூச்சி நுழையாத கண்ணாடி வீட்டில் வளர்த்து, கையால் மகரந்தம் சேர்த்து, புது விதை எடுக்கவேண்டும். பூச்சி புகுந்து வேற்று மகரந்தம் சேர்ந்தால் உறையில் ஒரு பெயரும் உள்ளே வேறொரு செடியும் ஆகிவிடும்.

வெர்னியின் வழிவந்த கலப்பினத்தைக் குப்ரி ஜோதியுடன் சேர்த்து உருவாக்கிய 'குப்ரி ஸ்வர்ணா' 1985இல் நீலகிரி உழவர்களுக்கு வந்தது. என் மாமாவின் நிலத்தில் அதற்குள் தேயிலை ஏறிவிட்டது.