தராசு இல்லாமல் எடை போடுவது எப்படி?

நம்ம யானைக்கவுனிக்குப் பக்கத்தில் தங்கசாலைத் தெரு. அங்கே வெள்ளிக்கடைத் தராசில் கிராம் சுத்தமாக எடை போடுவார்கள். துறைமுகம் பக்கம் லாரியையே ஏற்றி எடை பார்க்கும் வே-பிரிட்ஜ் உண்டு. ஆனால் பல ஆயிரம் ஒளியாண்டு தள்ளி, கண்ணுக்கே தெரியாமல் இருக்கும் பொருளை எதில் நிறுத்துவது?

ஏன் எடை போட வேண்டும்?

எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கிவிடும். அது வெண்குறுமீனா, நியூட்ரான் விண்மீனா, கருந்துளையா என்பதை அதன் நிறைதான் சொல்லும். வெண்குறுமீன் சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் தாங்காது. இந்த எல்லையைச் சொன்னவர் நம்ம சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த எஸ். சந்திரசேகர். 1930-ல் கப்பலில் இங்கிலாந்து போகும்போதே இந்தக் கணக்கைத் தொடங்கிவிட்டார். அப்போது வயசு 19! 1983-ல் நோபல் பரிசு பெற்றார். நியூட்ரான் விண்மீனுக்கும் சுமார் 3 சூரிய நிறைதான் உச்சவரம்பு. அதையும் தாண்டினால் கருந்துளைதான்.

துணை விண்மீன் சொல்லும் சாட்சி

சில கருந்துளைகளுக்கு ஒரு சாதாரண விண்மீன் ஜோடியாக இருக்கும். அதிலிருந்து இழுக்கப்படும் வாயு சுழன்று விழும்போது பல லட்சம் டிகிரி சூடாகி எக்ஸ் கதிர் வீசும். ஆள் இருக்குமிடம் அதில் தெரிந்துவிடும். எடை தெரிய, ஜோடி விண்மீனைப் பார்க்க வேண்டும்.

ரயில் நம்மை நோக்கி வரும்போது ஹாரன் சத்தம் கீச்சென்று கேட்கும், தாண்டிப் போனதும் தணிந்துவிடும் இல்லையா? அதே டாப்ளர் விளைவு ஒளிக்கும் உண்டு. விண்மீன் நெருங்கினால் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கமும், விலகினால் சிவப்புப் பக்கமும் நகரும். இதிலிருந்து வேகமும், ஒரு சுற்றுக்கு ஆகும் காலமும் கிடைக்கும்.

கணக்குப் போடுவோமா?

வி404 சிக்னி என்ற ஜோடியில் 1989-ல் எக்ஸ் கதிர் வெடிப்பு தெரிந்தது. அதன் துணை விண்மீனின் வேகம் நொடிக்குச் சுமார் 208 கி.மீ., சுற்றுக்காலம் 6.47 நாள்.

குறைந்தபட்ச நிறை = காலம் × (வேகம்)³ ÷ (2 × பை × ஈர்ப்பு மாறிலி)

காலம்: 5.59 × 10⁵ நொடி
வேகம்: 2.08 × 10⁵ மீ/நொடி
ஈர்ப்பு மாறிலி: 6.67 × 10⁻¹¹
விடை: சுமார் 1.2 × 10³¹ கி.கி.

சூரியனின் நிறை 2 × 10³⁰ கி.கி. வகுத்துப் பாருங்க, 6 வரும்! 3-ஐத் தாண்டிவிட்டது. ஆகவே அது கருந்துளை. 1992-ல் விஞ்ஞானிகள் இப்படித்தான் முடிவுக்கு வந்தார்கள்.

ஏன் ‘குறைந்தபட்சம்’? சுற்றுப்பாதை சாய்ந்திருந்தால் முழு வேகமும் நமக்குத் தெரியாது. துணை விண்மீனின் நிறையையும் இதில் சேர்க்கவில்லை. இரண்டையும் சரிசெய்தால் நிறை கூடுமே தவிர குறையாது. வி404-க்குச் சுமார் 9 சூரிய நிறை என்கிறார்கள்.

இத்தகைய ஜோடிகளை ஆராய, சென்னைக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2015 செப்டம்பர் 28-ல் நம் நாட்டின் அஸ்ட்ரோசாட் ஏவப்பட்டது.

சிந்தியுங்கள்: காலம் அதே 6.47 நாள், வேகம் மட்டும் பாதி என்றால் விடை என்ன? அப்போதும் அதைக் கருந்துளை என்று அடித்துச் சொல்ல முடியுமா? விடையை இயற்பியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்!