பழைய பாட்டும் புதிய காதும்

பத்தாவது படிக்கும்வரை பழைய பாட்டென்றால் எனக்கு ஆகாது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கூலிவேலை பார்க்கும் அப்பா, விஸ்வநாதன்–ராமமூர்த்தி 1965-இல் பிரியும்வரை போட்ட பாட்டு எதுவும் ரேடியோவில் வந்தால் சோற்றையே மறந்துவிடுவார். எனக்கோ தகர டப்பாவுக்குள் யாரோ அழுவதுபோல இருக்கும்.

கம்யூனிகேஷன் பாடம் படித்தபோது காரணம் பிடிபட்டது. மத்திய அலையில் நிலையங்களுக்கு இடையே 9 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி, சுமார் 4.5-க்கு மேற்பட்ட ஒலி அடிபட்டுப்போகும். கையகல ஸ்பீக்கரில் தபேலாவின் கும்மென்ற அடியும் எடுபடாது. பெரம்பலூர் பஸ்ஸில் ஹெட்போன் மாட்டி அதே பாட்டைக் கேட்டேன். அடேயப்பா, எத்தனை வயலின்!

அப்பாவுக்கு மட்டும் அந்த ரேடியோ எப்படிப் போதுமாயிற்று? டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து கேட்ட மனுஷன். விட்டுப்போனதை அவர் மனசே நிரப்பிக்கொள்ளும். எனக்கு அந்த மணல் கிடையாது, அதனால் வயலின் தேவைப்பட்டது. “வயசானா எல்லாருக்கும் பழைய பாட்டு பிடிக்கும்டா” என்கிறார் அம்மா. பதினெட்டெல்லாம் ஒரு வயசா?