ஊராரின் கருத்தறியும் முறை

ஓர் ஊரின் குறைகளை அறிய விரும்புவோர் முதலில் வினாக்களைச் செம்மையாக அமைத்துக்கொள்ளல் வேண்டும். "குடிநீர் ஒழுங்காக வருகிறதா?" என்று வினவினால் "வருகிறது" என்னும் ஒரு சொல்லே கிடைக்கும். விடையைத் தன்னுள்ளேயே கொண்ட இத்தகைய வினாக்களைத் தவிர்க்குமாறு ஆசிரியப் பயிற்சி மாணவியருக்குப் பல்லாண்டுகள் கற்பித்திருக்கிறேன். "நேற்று எத்தனை மணிக்கு நீர் வந்தது? எத்தனை குடம் கிடைத்தது? பிடித்தவர் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். விடியற்காலை மூன்று மணிக்குக் குழாயடியில் நின்ற மருமகளின் செய்தி அப்போதுதான் வெளிவரும். திண்ணையில் அமர்ந்து விடை கூறும் மாமனாருக்கு அது பெரும்பாலும் தெரிந்திராது.

நம் குடும்பங்களில் பல இன்றும் சிற்றூர்களில் வாழ்வதால், கிராம சபையைப் பற்றி ஈண்டுக் கூறுதல் பொருந்தும். 1992இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 73ஆவது திருத்தமும், 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் இதற்கு அடிப்படை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் இச்சபையின் உறுப்பினரே. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் கூட்ட நாள்களாக 2022இல் அறிவிக்கப்பட்டன.

ஆயினும், கூட்டத்தில் முதலில் எழுந்து பேசுபவரின் கருத்தே ஊரின் கருத்தாகிவிடுவதை யாவரும் கண்டிருப்போம். பெண்கள் பின்வரிசையில் அமர்ந்து தலையசைப்பர். கூலி வேலைக்குச் சென்றோர் வருவதேயில்லை. ஆகவே கூட்டத்திற்குச் சில நாள்கள் முன்னரே வீடு வீடாகச் சென்று கேட்டல் நன்று. இருவராகச் செல்லுங்கள், ஒருவர் பேச, மற்றவர் எழுதலாம். அறுவடைக் காலத்தில் பகலில் செல்வது வீண். பள்ளிக் கழிப்பறையின் நிலையைச் சிறுவரிடமே கேளுங்கள், அவர்கள் மறைக்கமாட்டார்கள்.

மகளிரை ஓரிடத்தில் கூட்டி, கோலமாவினால் ஊரின் படத்தைத் தரையில் வரையச் செய்வது மற்றொரு முறை. தெருக்களையும் குழாய்களையும் விளக்குக் கம்பங்களையும் அவர்களே குறிப்பர். எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியும், விளக்கு எரியாத இடத்தில் ஒரு கல்லை வைத்துக் காட்டிவிடுவார். அச்சிட்ட படிவங்களைவிட இதனையே நான் உயர்வாகக் கருதுகிறேன்.

கேட்டதை அவரவர் சொல்லிலேயே எழுதுக. "சாக்கடை நாற்றத்தில் சோறு இறங்கவில்லை" என்று ஒருவர் கூறியதைச் "சுகாதாரக் குறைபாடு" என மாற்றிவிட்டால் அதன் வலு போய்விடும். எழுதியதைச் சொன்னவருக்கே படித்துக் காட்டுதல் வேண்டும். "பலர் கூறினர்" என்னாது, நாற்பது வீடுகளில் இருபத்தேழு என்பதுபோல் எண்ணிக் குறிக்க வேண்டும். ஏரியைத் தூர்வார வேண்டுமென ஊரே விரும்பினும், உள்வாயில் பயிரிடும் இரு வீட்டார் மறுத்தால் அதனையும் காரணத்தோடு எழுதுக. எஞ்சிய சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கும்.

கூட்டத்தில் தீர்மானம் எழுதப்படுமுன் வெற்றுத்தாளில் கையொப்பம் கேட்டால் இடாதீர்கள். எழுதி வாசித்த பின் இடுங்கள். தீர்மானத்தின் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த கூட்டத்தில் அந்த எண்ணைச் சொல்லியே விளக்கம் கேளுங்கள்.