விழுந்த இடத்திலேயே மழையை நிறுத்துதல்

ஒலக்கூர் வட்டார அங்கத்தினர்கள் திண்டிவனத்துக்குப் பன்முறை சென்று வந்திருப்பர். அவ்வூரின் பழம்பெயர் திந்திரிணிவனம், அதாவது புளியங்காடு என்பதையும் கேள்வியுற்றிருப்பர். அக்காடு இன்று பெயரளவில்தான் நிற்கிறது. ஆயின் அங்கிருந்து புதுவை செல்லும் சாலையை ஒட்டி, ஆரோவில்லின் ஓரத்தில், மனிதர் கையால் வளர்ந்துவரும் காடு ஒன்று உண்டு. அதன் பெயர் சாதனா வனம். இஸ்ரேல் நாட்டினரான அவிராம் ரோசின், யோரிட் ரோசின் தம்பதிகள் 2003 டிசம்பரில், மேல்மண் அரித்துப்போன சுமார் 70 ஏக்கர் செம்மண் தரையில் இதனைத் தொடங்கினர்.

பல நாட்டு இளைஞர்கள் இங்கு வந்து, ஊதியமின்றி உழைத்துத் தங்குகின்றனர். காலையில் எல்லாரும் வட்டமாகக் கூடுவர். அன்றைய வேலை பகிர்ந்தளிக்கப்படும். வெயில் ஏறுமுன் குழி வெட்டுதல், மரம் நடுதல், மூடாக்கு இடுதல் நடைபெறும். காலை உணவுக்குப்பின் சமையல், துப்புரவு முதலியவை. சமையல் விறகடுப்பில், விளக்குக்குச் சூரிய ஒளி மின்சாரம். குடிசைகள் சவுக்குக் கழியும் கீற்றும் கொண்டவை. பாலும் இறைச்சியும் உணவில் சேர்ப்பதில்லை. (காப்பிக்குப் பால் வேண்டுமென்போர் அங்கே சற்றுத் துன்புறுவர்.) கழிப்பிடத்தில் தண்ணீர் ஊற்றுவதில்லை, மரத்தூள் தூவி மட்கச் செய்கின்றனர்.

இத்தகைய வாழ்வுக்கு 'பெர்மாகல்ச்சர்' என்ற பெயர், ஆஸ்திரேலியரான பில் மோலிசனும் டேவிட் ஹோம்கிரனும் 1978-ல் வெளியிட்ட நூலால் உலகெங்கும் பரவியது. பெயர் புதிது, ஏரியும் கரையும் கண்ட நமக்குப் பொருள் புதிதன்று.

நாம் கற்க வேண்டியது அவர்களுடைய வரப்பு வேலையையே. ஓர் ஏக்கரில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர். மண் இறுகிக் கிடப்பின் அதில் பெரும்பகுதி சில நாழிகையில் ஓடிவிடும். மண்ணையும் உடன் கொண்டு செல்லும். பின்னர் அதே நீரைக் கிணற்றின் அடியிலிருந்து மோட்டார் வைத்து இறைக்கிறோம்.

சரிவுக்குக் குறுக்கே, பாவுக்கு ஊடை போல, சமமட்டத்தில் வாய்க்கால் வெட்டி, அம்மண்ணைக் கீழ்ப்புறம் வரப்பாக இடவேண்டும். சமமட்டம் காணப் பெரிய கருவி வேண்டா. ஆறடிக் கழிகள் இரண்டை உச்சியில் சேர்த்துக் கட்டி, கால்களை அகட்டி, நடுவில் குறுக்குச் சட்டம் பொருத்துக. உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிடுக. இரு முளைகளின் மேல் கால்களை நிறுத்தி, நூல் சட்டத்தைத் தொடும் இடத்தில் கோடிடுக. கால்களை இடம் மாற்றி வைத்து மற்றொரு கோடிடுக. இரண்டுக்கும் நடுப்புள்ளியே மட்டக்குறி. நூல் அக்குறியில் நிற்கும் இடங்களை வரிசையாக முளையடித்துச் செல்லுக. காற்று வீசும் வேளையில் இதனைச் செய்யலாகாது.

மணிலாப் பயிர் நீர் தேங்குவதைப் பொறாது. ஆகையால் மிகுநீர் வழிய, கல் பதித்த ஒரு வடிகால் வாய் அவசியம் வேண்டும். இதனை விட்டவர்களின் வரப்பு முதற் பெருமழையிலேயே உடையும்.

சாதனா வனத்தாரை அப்படியே பின்பற்ற நம்மால் இயலாது என்பதையும் சொல்லவேண்டும். அவர்கள் வளர்ப்பது முதன்மையாகக் காடு. அறுவடைப் பணத்தை நம்பி அவர்கள் கடன் வாங்கவில்லை. நமக்குத் தவணைநாள் உண்டு. மேலும் அங்கு நிலம் முழுவதும் ஒரே கையில் உள்ளது. நம் கொல்லைகளோ ஒன்றின்கீழ் ஒன்றாகப் பலருடையவை. கீழ்க்கொல்லைக்காரர் மட்டும் வரப்பிட்டால், மேலிருந்து வரும் வெள்ளம் அதனைத் தகர்த்துவிடும். வேலை மேட்டிலிருந்து தொடங்கவேண்டும். மேட்டுக்காரரோ, "பயன் கீழே இருப்பவர்க்கு, நிலம் போவது எனக்கா?" என்பார். அது நியாயமான கேள்வியே. வரப்பின்மேல் துவரையும் ஆமணக்கும் விதைத்தால் அவர் இழப்பில் ஒரு பகுதி ஈடாகும். மீதிக்குக் கீழ்க்கொல்லையார் ஆளுக்கு இரண்டு நாள் மண்வெட்டி பிடிக்கலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஆவணிக்குள் இவ்வேலை முடியவேண்டும். ஆதலின் பேச்சை ஆனியிலேயே தொடங்குவது நலம்.