வெயில் நகர்றதுக்குள்ள ஒரு படம்

பென்சில் ஸ்கெட்ச், வாட்டர் கலர் எல்லாம் ஓரளவு கைவந்தாச்சு. அடுத்து ஆயில் பெயின்ட்டைத் தூக்கிட்டு வெளியில போய், கண் முன்னாடி இருக்கிற காட்சியை அங்கேயே உட்கார்ந்து வரையணும்னு ஆசையா? இந்தப் பாடம் உங்களுக்குத்தான்.

இங்கே பெரிய சவால் வண்ணம் இல்லை, நேரம். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. ஏழு மணிக்குப் பார்த்த நிழல் ஒன்பது மணிக்கு அதே இடத்தில் இருக்காது. இரண்டையும் ஒரே படத்தில் கலந்தால் ஏதோ இடிக்கும். கிளாட் மோனே 1890-91இல் பிரான்சில் வைக்கோல் போர்களை வரைந்தபோது பல கேன்வாஸ்களை வைத்துக்கொண்டு, வெளிச்சம் மாற மாற கேன்வாஸையும் மாற்றினார். நமக்கு ஒரு சின்னப் பலகை போதும். ஒரு மணி நேரத்தில், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரத்தில் முடிச்சிடணும்.

என்னென்ன வேணும்?

6-க்கு 8 அங்குல அளவில் எம்.டி.எஃப் பலகை. அதில் முதல் நாளே இரண்டு கோட் ஜெஸ்ஸோ அடிச்சுக் காய வெச்சிடுங்க. டைட்டானியம் ஒயிட், லெமன் யெல்லோ, அலிசரின் கிரிம்சன், அல்ட்ராமரைன் புளூ, பர்ன்ட் சியன்னா என்று ஐந்து ட்யூப் போதும். கறுப்பு வாங்க வேணாம். கடைசி இரண்டையும் கலந்தாலே நல்ல இருட்டு கிடைக்கும். பச்சையும் வாங்காதீங்க, கலந்து பழகுங்க. இரண்டு மூன்று தட்டைப் பிரஷ், மூடியுள்ள டப்பாவில் கொஞ்சம் டர்பன்டைன், பழைய துணி. நீங்களும் பலகையும் நிழலில் இருக்கணும். வெயில் பட்ட பலகையில் எல்லாமே வெளிச்சமாத் தெரியும். வீட்டுக்கு வந்து பார்த்தா படம் இருண்டு கிடக்கும்.

முதல் பத்து நிமிஷம்

பிரஷ்ஷைத் தொடாதீங்க. கண்ணைப் பாதி மூடிப் பாருங்க. இலை, கிளை எல்லாம் மறைஞ்சு நாலைந்து பெரிய திட்டுகள் மட்டும் மிஞ்சும். எது அதிக வெளிச்சம், எது அதிக இருட்டு என்று வரிசைப்படுத்துங்க.

இதற்கு அமெரிக்க ஓவியர் ஜான் கார்ல்சன் சொன்ன வழி ஒன்று உண்டு. நமக்கு வெளிச்சம் தருவதே வானம், அதனால் பெரும்பாலும் அதுதான் அதிக வெளிச்சம். மல்லாந்து கிடக்கிற தரை முழு வானத்தையும் பார்க்கிறது, அது அடுத்தது. மலைச்சரிவு அதற்கும் கீழே. நேராக நிற்கிற மரம் பாதி வானத்தைத்தான் பார்க்கிறது, எனவே அதுதான் இருட்டு. ஹீட் டிரான்ஸ்ஃபர் படிச்சவங்களுக்கு 'வியூ ஃபேக்டர்' ஞாபகம் வரணுமே! வெள்ளைச் சுவர், சாய்ந்த வெயில் போன்ற விதிவிலக்குகள் உண்டு. அங்கே விதியை விட்டுட்டு கண்ணை நம்புங்க.

பெயின்ட் வைக்கும்போது

அந்த நாலைந்து திட்டுகளையும் டர்பன்டைன் கலந்து மெல்லிசாப் போட்டுப் பலகையை நிரப்புங்க. நிழலின் எல்லையை இப்பவே முடிவு பண்ணிடுங்க. பிறகு வெயில் எங்கே போனாலும் துரத்தாதீங்க. அதன் மேல் கெட்டியான பெயின்ட்டை வையுங்க. 'இலை பச்சைதானே' என்று தெரிந்ததை வரையாதீங்க, தெரிவதை வரையுங்க. தூரத்து மரம் நீலம் கலந்து வெளிறியிருக்கும், வெயில் பட்ட இலை மஞ்சளாக இருக்கும்.

ஆயில் பெயின்ட் தண்ணீர் ஆவியாவது போல் காய்வதில்லை. எண்ணெய் ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகுகிறது. அதனால் அடியில் எண்ணெய் குறைவு, மேலே அதிகம் என்பதுதான் விதி. மாத்திப் போட்டால் அடி அடுக்கு காயும் முன் மேல் அடுக்கு இறுகி, பிறகு வெடிப்பு விடும்.

ஹாஸ்டல்காரங்க கவனத்துக்கு

அதே வினை வெப்பத்தையும் வெளிவிடுகிறது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டால், வெப்பம் வெளியேற முடியாமல் ஏறி, தீக்குச்சி இல்லாமலே தீப்பிடிக்கலாம். துணியைத் திறந்த வெளியில் ஒற்றையாக விரித்துக் காய வையுங்க. இல்லைன்னா தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் போட்டு மூடுங்க. டர்பன்டைனை மூடிய அறையில் திறக்காதீங்க, சிங்க்கில் ஊற்றாதீங்க.

கடைசியா ஒரு பழக்கம். இங்கிலாந்தின் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822இல் மேகங்களை வரைந்தபோது, பின்பக்கம் தேதி, நேரம், காற்றின் திசை எல்லாம் குறித்து வைத்தார். நீங்களும் பலகைக்குப் பின்னால் தேதி, தொடங்கின நேரம், முடிச்ச நேரம் எழுதுங்க. அதே இடத்தில் அதே நேரத்தில் இன்னும் நாலு நாள் வரையுங்க. ஐந்து பலகையையும் வரிசையா வெச்சுப் பார்த்தா, கண் எங்கே தேறியிருக்குன்னு உங்களுக்கே தெரியும்.